கை மீண்டால் போதுமா?

நுழையும்முன்

நோயைத் தடுப்பதும் நோயைத் தீர்ப்பதும் மருத்துவத்தின் பணிகள் என்பதை அனைவரும் அறிவர். நோய் தீர்ந்த பின்னும், சில வேளைகளில் முழுமையாகத் தீராத நிலையிலும், மனிதர் தம் வாழ்வைத் தொடர்வதற்குத் துணைநிற்பது மருத்துவத்தின் மற்றொரு பணியாகும். அதனையே மறுவாழ்வு மருத்துவம் என்கிறோம். அதன் நோக்கத்தையும் நடைமுறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வேலூரில் எழுந்த வினா

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தொழுநோய் மக்களைப் பெரிதும் அஞ்சவைத்த நோயாக இருந்தது. நோயுற்றோர் பலருக்குக் கைவிரல்கள் உள்நோக்கி மடங்கி, பறவையின் கால்நகம்போல் இறுகிவிடும். அக்கையால் சோற்றைப் பிசைய இயலாது. குவளையைப் பற்ற இயலாது. சட்டைப் பொத்தானை மாட்டவும் இயலாது. இத்தகையோரை ஊரார் ஒதுக்கினர், உறவினரும் ஒதுக்கினர். பலருக்குப் பிச்சையெடுப்பதே வாழ்வழியாயிற்று.

கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்த பால் பிராண்ட் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர், 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். தொழுநோயாளரின் கைகளை அவர் கூர்ந்து ஆராய்ந்தார். தொழுநோய்க் கிருமி நரம்புகளைத் தாக்குகிறது. அதனால் உள்ளங்கையில் உள்ள சிறு தசைகள் செயலிழக்கின்றன; ஆனால், முன்கையில் உள்ள வலிய தசைகள் பெரும்பாலும் நலமாகவே இருக்கின்றன. நலமாக உள்ள தசை ஒன்றின் நாணை எடுத்து, செயலிழந்த தசையின் வேலையைச் செய்யுமாறு வேறிடத்தில் இணைத்தால் விரல்கள் மீண்டும் இயங்கும் என அவர் கண்டார். அறுவைச் சிகிச்சை வெற்றி பெற்றது.

எனினும், அறுவைச் சிகிச்சை முடிந்ததும் கை தானாக இயங்கிவிடவில்லை. மோதிரவிரலை மடக்கிவந்த தசை இப்போது கட்டைவிரலை அசைக்க வேண்டும். அந்த மாற்றத்தை நோயாளியின் மூளை புதிதாகக் கற்றாக வேண்டும். எனவே கட்டுப் பிரித்த நாள்முதல், வாரக்கணக்கில் பயிற்சி தேவைப்பட்டது. பந்தைப் பற்றுதல், பொருளை எடுத்தல், எடுத்ததை வைத்தல் எனச் சிறு குழந்தை கற்பதைப்போல் நோயாளர் தம் கையைக் கற்றனர்.

கை மீண்டது. ஆனால், சிறிது காலத்தில் சிலர் மருத்துவரிடம் திரும்பி வந்தனர். சீரான கையைக் கண்டவர்கள் பிச்சையிடவில்லை. தொழுநோயின் தழும்பைக் கண்டவர்கள் வேலை தரவில்லை. முன்பிருந்த வருவாயும் இப்போது இல்லாமற்போயிற்று என அவர்கள் முறையிட்டனர். கையைச் சீராக்கினால் மட்டும் போதாது என்பதை அம்முறையீடு உணர்த்தியது. அதன்பின் புதுவாழ்வு நிலையம் ஒன்று வேலூரில் அமைக்கப்பட்டது. அங்குத் தங்கியவர்கள் தச்சுத்தொழிலும் மரப்பொம்மை செய்தலும் பயின்றனர். உணர்ச்சியற்ற கை, தான் கருவியை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறது என்பதை அறியாது; புண் ஏற்பட்டாலும் வலிக்காது. ஆகவே, வேலை முடிந்ததும் நாள்தோறும் கைகளைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கும் பழக்கமும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. வலி செய்யவேண்டிய காவலைக் கண் செய்தது.

மறுவாழ்வு மருத்துவத்தின் உட்பொருள் முழுவதும் இந்நிகழ்வில் அடங்கியுள்ளது. உறுப்பு இயங்கத் தொடங்குவது முதற்படி. அவ்வுறுப்புக்குரிய மனிதர் தம் வீட்டிற்கும் தொழிலுக்கும் ஊருக்கும் திரும்புவதே முடிவு.

மருத்துவத்தின் மூன்றாம் நிலை

நோய் வராமல் காத்தல் முதல் நிலை. வந்த நோயைத் தீர்த்தல் இரண்டாம் நிலை. நோயோ விபத்தோ விட்டுச்சென்ற குறையுடன் இயன்றவரை நிறைவாக வாழச்செய்தல் மூன்றாம் நிலை. இக்கருத்தை வலியுறுத்தியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க மருத்துவர் ஹோவர்டு ரஸ்க். இரண்டாம் உலகப்போரின்போது அவர் வான்படை மருத்துவராகப் பணியாற்றினார். காயமுற்ற வீரர்களைப் படுக்கையிலேயே சோம்பிக் கிடக்கவிடுவதைக் காட்டிலும், உடற்பயிற்சியிலும் கல்வியிலும் ஈடுபடுத்துவதே அவர்கள் விரைந்து நலம்பெற வழி என்பதை அவர் செயலில் காட்டினார். போருக்குப்பின் நியூயார்க்கில் இதற்கெனவே ஒரு நிலையத்தையும் நிறுவினார்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. அந்நாளில் தண்டுவடம் முறிந்தவர்களுள் பலர் சில மாதங்களுக்குமேல் உயிர்வாழ்வதில்லை. அவர்களுடைய உயிரைப் பறித்தவை படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் ஆகும். இவ்விரண்டும் தடுக்கக்கூடியவையே. ஜெர்மனியிலிருந்து நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி 1939இல் இங்கிலாந்திற்கு வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944இல் ஸ்டோக் மண்டவில் என்னுமிடத்தில் தண்டுவடக் காயப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். இரண்டு மணிநேரத்திற்கு ஒருமுறை, இரவிலும் தவறாமல், ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்னும் எளிய விதியை அவர் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தினார். உயிரைக் காத்ததோடு அவர் நிற்கவில்லை. தச்சுவேலை, கைத்தொழில், விளையாட்டு ஆகியவற்றை மருத்துவத்தின் பகுதிகளாக்கினார்.

இலண்டன் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கிய 1948 ஜூலை 29ஆம் நாளன்று, அவருடைய மருத்துவமனை வளாகத்தில் சக்கர நாற்காலியில் அமர்ந்த 16 பேர் வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். அப்போட்டியே வளர்ந்து, 1960இல் உரோம் நகரில் முதல் பாராலிம்பிக்காக மலர்ந்தது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ நகரில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றது இவ்வழியில் வந்த களத்தில்தான். மருத்துவமனைப் புல்வெளியில் தொடங்கிய ஒரு பயிற்சி, உலக மேடையாக வளர்ந்த வரலாறு இது.

பயிற்சி நடைபெறும் முறை

மறுவாழ்வு மருத்துவத்தின் முதல் வினா, ‘எது போயிற்று?’ என்பதன்று, ‘எது எஞ்சியிருக்கிறது?’ என்பதே ஆகும். எந்தத் தசை எவ்வளவு வலிமையுடன் உள்ளது, எந்த மூட்டு எவ்வளவு மடங்குகிறது, உணர்ச்சி எதுவரை உள்ளது என்பன முதலில் அளந்தறியப்படுகின்றன. நோயாளியின் தொழில், வீட்டின் அமைப்பு, உடனிருந்து பார்த்துக்கொள்வோர் ஆகியவையும் கேட்டறியப்படுகின்றன. இவற்றின் அடிப்படையிலேயே இலக்குகள் வகுக்கப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, தென்னை மரத்திலிருந்து தவறி விழுந்து, முதுகுப்பகுதியில் தண்டுவடம் முறிந்த ஒருவரைக் கருதலாம். அவருக்குக் கைகள் நலமாக இருக்கும். இடுப்புக்குக் கீழே அசைவும் உணர்ச்சியும் இரா. முறிந்த தண்டுவடத்தை முழுமையாக இணைக்கும் சிகிச்சை இன்றளவும் இல்லை. ஆயினும், அவர் செய்யக்கூடியவை பல உள்ளன. முதலில் படுக்கையில் தாமே புரளக் கற்கிறார். பின்னர்ச் சாய்மானமின்றி அமரக் கற்கிறார். அடுத்து, கைகளை ஊன்றி உடலைத் தூக்கிக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுகிறார். அதன்பின் குளியலறைக்கும் தெருவிற்கும் பணியிடத்திற்கும் செல்கிறார். ஒவ்வொரு படியும் நாள்கணக்கிலோ வாரக்கணக்கிலோ உழைத்துப் பெறப்படுவது.

சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவர், உணர்ச்சியற்ற உடற்பகுதியில் அழுத்தம் மிகாதவாறு, ஏறத்தாழ கால்மணி நேரம் முதல் அரைமணி நேரத்திற்கு ஒருமுறை கைகளை ஊன்றி உடலை உயர்த்திக்கொள்ள வேண்டும். உரிய நேரத்தில் மெல்லிய குழாய்வழிச் சிறுநீரைத் தாமே வெளியேற்றக் கற்றுக்கொள்ள வேண்டும். இவை சிறு செயல்களாகத் தோன்றலாம். ஆனால், புண்ணும் தொற்றும் வராமல் அவருடைய உயிரைக் காப்பவை இச்செயல்களே.

பக்கவாதத்தில் நிலைமை வேறு. மூளையின் ஒரு பகுதிக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்படுவதாலோ, அங்கு இரத்தம் கசிவதாலோ பக்கவாதம் ஏற்படுகிறது. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் உடலின் வலப்பக்கம் செயலிழக்கிறது, பேச்சும் பாதிக்கப்படலாம். இறந்த மூளை உயிரணுக்கள் மீள்வதில்லை. எனினும், மூளையின் நலமான பகுதிகள், இடைவிடாத பயிற்சியின் வழியாக, இழந்த செயல்களுள் சிலவற்றை ஏற்றுச்செய்யும் திறனுடையவை. அதனால்தான், நோயாளியின் உடல்நிலை சீரானதும் காலந்தாழ்த்தாது பயிற்சி தொடங்கப்படுகிறது. ஒரே செயலை நூறுமுறை, ஆயிரம்முறை செய்யவேண்டியிருக்கிறது.

பயிற்சியில் நுட்பங்களும் உள்ளன. ஒருபக்கம் செயலிழந்தவர் சட்டையணியும்போது செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நலமான கையை முதலில் விடுவிக்க வேண்டும். இம்முறையை அறிந்தவர் பிறர் உதவியின்றி உடுத்திக்கொள்வார். அவரைத் தூக்கி அமரவைக்கும் உறவினர், செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் தோள்மூட்டு நழுவக்கூடும். இவ்வாறு, குடும்பத்தினருக்குக் கற்பிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியாகிறது.

இப்பணியை ஒருவர் மட்டும் செய்துவிட முடியாது. மறுவாழ்வு மருத்துவர் திட்டம் வகுக்கிறார். இயன்முறை மருத்துவர் தசைகளையும் மூட்டுகளையும் பயிற்றுவிக்கிறார். உண்ணுதல், உடுத்துதல், எழுதுதல் முதலிய அன்றாடச் செயல்களைச் செயல்முறைச் சிகிச்சையாளர் பயிற்றுவிக்கிறார். பேச்சுப் பயிற்சியாளர், செவிலியர், செயற்கை உறுப்பு வடிவமைப்பாளர், உளவியல் வல்லுநர், சமூகப் பணியாளர் ஆகியோரும் உடனுழைக்கின்றனர். எனினும், இக்குழுவில் மிகுதியாக உழைப்பவர் நோயாளியே. அறுவைச் சிகிச்சையில் நோயாளி மயக்கத்தில் இருக்கலாம்; மருத்துவர் வேலையை முடித்துவிடுவார். மறுவாழ்வுச் சிகிச்சையில் அவ்வாறு இயலாது. நோயாளி தம் முயற்சியை நிறுத்தினால் சிகிச்சையே நின்றுவிடும். அதனால், துயரத்தில் ஆழ்ந்திருப்பவரின் மனத்தைத் தேற்றுவதும் இம்மருத்துவத்தில் இன்றியமையாத பணியாகும்.

மண்ணுக்கேற்ற கால்

மறுவாழ்வு, அந்தந்த நாட்டு மக்களின் வாழ்க்கை முறைக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். இதற்கு ஜெய்ப்பூர்க் கால் சிறந்த சான்றாகும். மேலைநாடுகளில் உருவான செயற்கைக் கால்கள், காலணி அணிந்து சமதளத்தில் நடப்போருக்கும் நாற்காலியில் அமர்வோருக்கும் ஏற்றவை. கணுக்கால் மடங்காத அக்கால்களுடன் நம் நாட்டு உழவர் வெறுங்காலோடு வரப்பில் நடக்கவோ, நீர் நிறைந்த வயலில் இறங்கவோ, குந்தி அமரவோ முடியவில்லை. அரிதின் முயன்று பெற்ற காலைப் பலர் கழற்றி வைத்துவிட்டு மீண்டும் ஊன்றுகோலையே நாடினர்.

ஜெய்ப்பூர் மருத்துவமனையில் பணியாற்றிய எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும், கைவினைக் கலைஞர் இராமச்சந்திர சர்மாவும் இக்குறையை உணர்ந்தனர். சர்மா முறையான மருத்துவக் கல்வி பெற்றவர் அல்லர். ஆனால், பொருள்களின் தன்மையை அறிந்த தேர்ந்த கைகளை உடையவர். இருவரும் இணைந்து 1960களின் பிற்பகுதியில், இரப்பரையும் மரத்தையும் கொண்டு பாதம் போன்றே தோற்றமளிக்கும் செயற்கைக் காலை உருவாக்கினர். அதனை அணிந்தவர் வெறுங்காலோடு நடக்கலாம், நீரில் இறங்கலாம், குந்தி அமரலாம். விலையும் குறைவு. இப்பணிக்காகச் சேத்திக்கு 1981இல் மகசேசே விருது வழங்கப்பட்டது. கால் இழந்தவருக்குத் தேவைப்பட்டது தம் வயலில் நிற்கவல்ல கால் என்பதைப் புரிந்துகொண்டதே அவர்களுடைய வெற்றிக்குக் காரணமாகும்.

சக்கர நாற்காலியில் ஒரு மருத்துவர்

கேரளத்தில் 1925இல் பிறந்த மேரி வர்கீஸ், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். 1954 சனவரியில் உடன்பணியாற்றுவோருடன் சென்றபோது ஊர்தி விபத்துக்குள்ளாயிற்று. அவருடைய தண்டுவடம் முறிந்தது; கால்கள் செயலிழந்தன; முகத்திலும் காயமேற்பட்டது. அப்போது அவருக்கு அகவை 28. மருத்துவப் பணி இத்துடன் முடிந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர்.

அவரிடம் எஞ்சியிருந்தவை எவை? பயிற்சி பெற்ற இரு கைகளும் மருத்துவ அறிவும் எஞ்சியிருந்தன. தொழுநோயாளரின் கைகளுக்கான அறுவைச் சிகிச்சையை அமர்ந்தவாறே செய்ய இயலும் என்பதைப் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் அமர்ந்து அச்சிகிச்சையைக் கற்றார். நோயாளர் பலரின் கைகளைச் சீராக்கினார். நடக்க இயலாத மருத்துவர் பிறருக்குப் பற்றும் கைகளைத் தந்தார். அவர் சக்கர நாற்காலியில் வருவதைக் கண்ட நோயாளருக்கு அதுவே ஊக்கமாயிற்று.

பின்னர் அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குச் சென்று தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். பிறரை எதிர்பாராமல் வாழும் வழிகளை அங்குக் கற்றார். தாம் பெற்ற பயன் தம் நாட்டு மக்களுக்கும் கிடைக்கவேண்டும் என்னும் எண்ணத்தால் நியூயார்க் சென்று, ஹோவர்டு ரஸ்க் நிறுவிய நிலையத்தில் மறுவாழ்வு மருத்துவத்தையே தம் துறையாகப் பயின்றார். நாடு திரும்பி, வேலூரில் அத்துறைக்குத் தலைமையேற்றார். 1966இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளரைத் தங்கவைத்துப் பயிற்சியளித்த இந்திய நிலையங்களுள் அது முன்னோடியாகும். இந்திய அரசு 1972இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. 1986இல் அவர் மறைந்தார். அவருடைய கால்கள் இறுதிவரை இயங்கவில்லை. ஆயினும், அவருடைய மறுவாழ்வு முழுமை பெற்றது.

படிக்கட்டு என்னும் தடை

மருத்துவமனையில் அனைத்துப் பயிற்சிகளையும் முடித்து, சக்கர நாற்காலியைத் திறம்பட இயக்கக் கற்ற மாணவி ஒருவர் பள்ளிக்குத் திரும்புவதாகக் கொள்வோம். வகுப்பறையின் முன்னே மூன்று படிகள் உள்ளன. சாய்தளம் இல்லை. கழிவறையின் கதவு குறுகியது. அவருடைய உடல்நிலை நேற்றும் இன்றும் ஒன்றே. மருத்துவமனையில் இயன்றது பள்ளியில் இயலாமற்போவதற்குக் காரணம் அவருடைய கால்கள் அல்ல, கட்டடமே ஆகும். இயலாமை என்பது உடலில் மட்டும் இல்லை. உடலுக்கும் சூழலுக்கும் இடையிலும் உள்ளது என்பதை இதனால் உணரலாம்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்கருத்தை ஏற்கிறது. அச்சட்டம் 21 வகைக் குறைபாடுகளை வரையறுக்கிறது. தொழுநோயிலிருந்து குணமடைந்தோரும் அவற்றுள் அடங்குவர். அரசுப் பணியிடங்களில் 4 விழுக்காட்டிற்குக் குறையாமல் ஒதுக்கீடு செய்யவும், பொதுக் கட்டடங்களை அனைவரும் அணுகத்தக்கனவாக அமைக்கவும் அது வழிசெய்கிறது. சீரான கையுடன் வேலை கிடைக்காமல் திரும்பிவந்த வேலூர் நோயாளரின் முறையீட்டுக்கு, ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப்பின் சட்டம் தந்த விடையாக இதனைக் கொள்ளலாம்.

எனினும், சட்டத்தால் மட்டும் மறுவாழ்வு நிறைவுறாது. திரும்பி வருபவரைப் பார்த்து இரங்குவதைக் காட்டிலும், அவருக்கு வழிவிடுவதும் வேலை தருவதும் உடன் அமர்வதும் பெரிய உதவிகளாகும். இயன்றதைத் தாமே செய்ய அவரை விடுவதும் உதவியே. பொத்தானை மாட்ட ஒருவர் ஐந்து நிமிடம் முயல்கிறார் எனில், பொறுமையின்றி அதனை மாட்டிவிடுபவர் அவருடைய பயிற்சியைப் பறித்துவிடுகிறார்.

மருத்துவர் உடலை ஆயத்தப்படுத்துகிறார். நோயாளி உழைத்து எழுகிறார். அவர் வந்து சேரவேண்டிய இடத்தை ஆயத்தமாக வைத்திருப்பது சமூகத்தின் கடமை. கை மீண்டால் போதுமா என்னும் வினாவுக்கு, அக்கையைப் பற்றிக்கொள்ள மற்றொரு கை நீளும்போதுதான் விடை கிடைக்கும்.

தெரிந்து தெளிவோம்

சக்கர நாற்காலிக்கான சாய்தளம், உயரத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு நீளமுடையதாக இருத்தல் வேண்டும். வாயிற்படி அரை அடி உயரமெனில் சாய்தளத்தின் நீளம் 6 அடி. ஓரடி உயரமெனில் 12 அடி. இதனினும் செங்குத்தான சாய்தளத்தில், அமர்ந்திருப்பவர் தாமே ஏறுவது கடினம். இறங்கும்போது கவிழவும் கூடும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியின் நுழைவாயில், வகுப்பறை, நூலகம், கழிவறை ஆகியவற்றின் படிகளையும் கதவுகளையும் அளந்து, சக்கர நாற்காலியில் வருபவர் எதுவரை தாமே செல்ல இயலும் என்பதை அறிக்கையாக எழுதுக.

2. ஒரு கையை மட்டும் பயன்படுத்திச் சட்டை அணிந்து, பொத்தான் மாட்டிப் பாருங்கள். அதற்கு ஆன நேரத்தையும் உங்கள் பட்டறிவையும் வகுப்பில் பகிர்க.

3. ‘இயலாமை உடலில் உள்ளதா? சூழலில் உள்ளதா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடல் நிகழ்த்துக.